ங்கோமேனிக் கடலில் நிற்கும் மேடைகள்

எக்ஸ் கதிர்களில் வானம் எப்படி இருக்கும் என்று மனிதன் முதன்முதலாக நின்று நிதானமாகப் பார்த்தது ஒரு கடல் மேடையின் புண்ணியத்தில். கென்யாவின் கரையில், மலிந்தி நகரத்துக்கு வடக்கே, ங்கோமேனி என்கிற மீனவ ஊருக்கு எதிரே அந்த மேடை இன்றும் கடலுக்குள் நிற்கிறது. பெயர் சான் மார்க்கோ. 1970 டிசம்பர் 12ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய, சுமார் 140 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள்தான் உஹூரு. வானியல் படித்தவர்களுக்கு உஹூருவைத் தெரியும். எந்தக் கடலிலிருந்து போனது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பல வருஷத்து ஆசை.

மொம்பாசாவிலிருந்து மலிந்திக்குச் சுமார் 120 கிலோமீட்டர். மட்டாட்டு என்று அங்கே சொல்லப்படும் வேனில் ஏறினேன். விப்பிங்கோவில் கற்றாழைக் காடு. கயிறு திரிக்கும் நாருக்காகக் கண்ணுக்கு எட்டியவரை வரிசை பிடித்து நட்டிருக்கிறார்கள். கிலிஃபியில் கழிமுகத்தின்மேல் உயரமான பாலம். அதைத் தாண்டியதும் இடது பக்கம் அரபுக்கோ சொக்கோக்கே காடு நெடுந்தூரம் கூடவே வருகிறது. வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி வாழைப்பழம் கொடுத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். ங்கோமேனி என்றதும், "இத்தாலிக்காரர்களின் ராக்கெட்டைப் பார்க்கவா?" என்றார். கென்யக் கரையில் அந்தப் பெயர் இன்னும் ராக்கெட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி ராக்கெட் கிளம்பியது 1988இல்.

மலிந்தியில் இறங்கியதும் முதலில் காதில் விழுவது இத்தாலிய மொழி. கடைப் பலகைகளில் இத்தாலியம், உணவு விடுதிப் பட்டியலில் இத்தாலியம், கடற்கரையில் மரச் சிற்பம் விற்கும் பையன்கள் கூப்பிடுவதும் இத்தாலியத்தில். 1960களில் விண்வெளி மையத்துக்காக வந்த பொறியாளர்களும் தொழில்நுட்பக்காரர்களும் ஊருக்குத் திரும்பி இந்தக் கடற்கரையைப் பற்றிச் சொன்னார்கள். பின்னாலேயே விடுதி கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ராக்கெட் நின்றுபோன பிறகும் அவர்கள் போகவில்லை.

மாலையில் வாஸ்கோ ட காமா தூணுக்கு நடந்தேன். கடலுக்குள் மூக்கு நீட்டிய பவளப் பாறை முனையில் வெள்ளையடித்த தூண், உச்சியில் ஒரு கற்சிலுவை. 1498 ஏப்ரலில் காமா இங்கே வந்து, மலிந்தி மன்னரிடம் வழி தெரிந்த மாலுமி ஒருவரைப் பெற்றுக்கொண்டு, மே மாதம் கோழிக்கோட்டுக் கடலை அடைந்தார். அந்தப் பயணத்தின் பின்விளைவுகள் நமக்குத் தெரிந்தவை. எனக்கு அங்கே தோன்றியது அந்த மாலுமியின் வித்தையைப் பற்றி. இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் கமால் என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். உள்ளங்கையளவு மரப்பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்த்தால், எந்த முடிச்சு என்பதை வைத்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். மலிந்தி பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை தெற்கே இருக்கிறது. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். கப்பல் வடகிழக்கே போகப் போகத்தான் அது மேலே ஏறும். அதே மூன்று பாகைதான் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு கழித்து ஒரு இத்தாலியப் பேராசிரியரையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது.

அவர் லூய்ஜி ப்ரோலியோ. 1911இல் வெனிஸ் அருகே மெஸ்த்ரேயில் பிறந்தவர். இத்தாலிய விமானப்படை அதிகாரி, ரோம் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1960களின் தொடக்கத்தில் சோவியத்தும் அமெரிக்காவும் தவிர வேறு யாரும் விண்வெளியைப் பற்றிப் பெரிதாகப் பேசாத நேரத்தில், இத்தாலி ஒரு செயற்கைக்கோள் செய்ய வேண்டும், அதை இத்தாலியர்களே ஏவ வேண்டும் என்று ப்ரோலியோ அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். ராக்கெட்டுக்குக் காசு கிடையாது. அமெரிக்காவிடம் ஸ்கவுட் என்ற சிறிய, நான்கு கட்ட, திட எரிபொருள் ராக்கெட் இருந்தது. 1962இல் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது: ராக்கெட்டும் பயிற்சியும் அவர்களுடையது, செயற்கைக்கோளும் ஏவுதளமும் இவர்களுடையது. 1964 டிசம்பர் 15இல் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து சான் மார்க்கோ 1 மேலே போனது. ஏவிய குழு முழுக்க இத்தாலியர்கள்.

ஆனால் ப்ரோலியோ கேட்டது பூமத்திய ரேகையை. அவர் செயற்கைக்கோள்களின் வேலை, மேல் வளிமண்டலம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளப்பது. அதற்கு அவர் யோசித்த கருவி அழகானது. கோளின் வெளி ஓடு தனி, உள்ளே கனமான உடல் தனி, இரண்டையும் இணைக்க மெல்லிய வில்கள். அங்கே காற்று கிட்டத்தட்ட இல்லை என்றாலும் இருக்கிற கொஞ்சம் வெளி ஓட்டைப் பின்னுக்குத் தள்ளும்; உள்ளுடல் தள்ளப்படாது. இரண்டுக்கும் நடுவே ஏற்படும் மயிரிழை விலகலை அளந்தால் காற்றின் அடர்த்தி கிடைத்துவிடும். இத்தாலியர்கள் அதற்கு ப்ரோலியோ தராசு என்றே பெயர் வைத்தார்கள். இந்தத் தராசைப் பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்ற விட வேண்டும் என்பது அவர் ஆசை.

இத்தாலியில் அதற்கு இடம் ஏது? ஒரு ஏவுதளத்திலிருந்து நேராக ஏவினால், அந்த இடத்தின் அட்சரேகையைவிடக் குறைந்த சாய்வில் சுற்றுப்பாதை கிடைக்காது. கேப் கேனவரல் 28 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து ஏவியதைப் பூமத்திய ரேகைப் பாதைக்குத் திருப்ப வேண்டுமானால் நடு வழியில் எரிபொருளைக் கொட்டி எரிக்க வேண்டும். ரேகைக்கு அருகிலிருந்து கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சியே வினாடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகத்தை இலவசமாகக் கொடுக்கிறது. கழன்று விழும் கட்டங்கள் கடலில் விழும். யார் தலையிலும் விழாது. இத்தனையும் சேர்ந்த இடம் கென்யாவின் கிழக்குக் கரை. கரைக்குப் பதிலாகக் கடலை ப்ரோலியோ தேர்ந்ததுதான் துணிச்சல். எண்ணெய் தோண்டப் பயன்பட்ட மேடை ஒன்று, அமெரிக்க ராணுவத்திடமிருந்து வந்த மிதவை மேடை ஒன்று. பழைய சரக்கு இரண்டையும் செப்பனிட்டு, இத்தாலியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து ங்கோமேனிக்கு எதிரே நிறுத்தினார்கள். முதலாவது சாந்தா ரீட்டா, கட்டுப்பாட்டு மேடை. இரண்டாவது சான் மார்க்கோ, ஏவும் மேடை. 1964இலேயே சாந்தா ரீட்டாவிலிருந்து சிறிய ஆய்வு ராக்கெட்டுகளை விட்டுப் பழகினார்கள். 1967 ஏப்ரல் 26இல் சான் மார்க்கோ 2 செயற்கைக்கோள் மேடையிலிருந்து சுற்றுப்பாதைக்குப் போனது. கடல் நடுவிலிருந்து உலகத்தில் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே டுக்டுக் பேசிக் கிளம்பினேன். வண்டி நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோ. மலிந்தித் தெருக்கள் முழுக்க அதுதான் ஓடுகிறது. ஊரைத் தாண்டியதும் சபாக்கி ஆறு. நைரோபிப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கடலில் கொட்டுகிறது. பாலத்திலிருந்து பார்த்தால் கடல் நெடுந்தூரத்துக்குப் பழுப்பாகத் தெரியும். மாம்புருயி தாண்டி கோங்கோனி. அங்கிருந்து இரண்டு பக்கமும் உப்பளம்தான். பாத்தி பாத்தியாக வெள்ளை, நடுவே வரப்பு, கூடை சுமக்கிற ஆட்கள், வெயிலில் கண் கூசி நெற்றியில் கைவைத்துப் பார்க்கிற மேஸ்திரி; தூத்துக்குடியிலிருந்து கிளம்பவே இல்லையோ என்று தோன்றிவிட்டது. உப்பளம் முடிகிற இடத்தில் கண்டல் காடு. அப்புறம் மணல் பாதை. டுக்டுக் அதற்குமேல் வர மறுத்துவிட்டது. மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ங்கோமேனிக்குள் போனேன்.

தென்னோலைக் கூரை வேய்ந்த வீடுகள், ஒரு மசூதி, மரத்தடியில் வலை பின்னுகிறவர்கள். அந்த எளிமைக்கு நடுவே, வேலிக்கு அப்பால், வெள்ளை வெளேரென்று பெரிய டிஷ் ஆண்டெனாக்கள். அதுதான் இப்போது லூய்ஜி ப்ரோலியோ விண்வெளி மையம். ரோம் பல்கலைக்கழகம் நடத்திவந்ததை இப்போது இத்தாலிய விண்வெளி நிறுவனம் நடத்துகிறது. வாசலில் நின்ற காவலரிடம் கும்பிடு போட்டுப் பேசிப் பார்த்தேன். அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்று மரியாதையாகச் சொன்னார். நான் வந்தது கடலுக்காக என்பதால் கரைப் பக்கம் திரும்பினேன்.

கரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மூத்தவர்களைக் கண்டால் "ஷிகமூ" சொல்ல வேண்டும், சொன்னேன். "மரஹபா" என்று கைகொடுத்தார். அருகில் நின்ற படகுக்கார இளைஞர் மொழிபெயர்க்க, பேச்சு நீண்டது.

"மஸே, ராக்கெட் போகிறதைப் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேனே! அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஊரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும். முதலில் வெளிச்சம் வரும். சத்தம் வராது. வெளிச்சம் இவ்வளவு உயரம் போன பிறகுதான் சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும்."

கையைத் தூக்கி அவர் காட்டிய உயரம் எனக்குப் பிடித்திருந்தது. மேடை கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய பதினைந்து வினாடி ஆகும். ஸ்கவுட் திட எரிபொருள் ராக்கெட். தயங்கித் தயங்கி மேலே ஏறாது, சீறிக்கொண்டு போய்விடும். சத்தம் கரைக்கு வரும்போது அது நிஜமாகவே பெரியவர் காட்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

படகுக்கு விலை பேசி ஏறினோம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றைக் கஸ்காசி என்கிறார்கள். அப்போது கடல் சாதுவாக இருக்கும். எங்களுக்கு அன்று அப்படித்தான் அமைந்தது. கரையிலிருந்து பார்க்கும்போது அடிவானத்தில் மேசைகளைப் போட்டுவைத்ததுபோலத் தெரிந்தவை, கிட்டே போகப் போக வளர்ந்தன. இளைஞர் வேகத்தைக் குறைத்தார். "இதற்குமேல் வேண்டாம் மஸே, மேலிருந்து இரும்பு உதிர்ந்து விழும்" என்றார். என்னையும் மஸே ஆக்கிவிட்டார். நரைத்த தலைக்கு அந்தக் கரையில் அந்த மரியாதை உண்டு.

படகு மெல்ல மேடையைச் சுற்றியது. சான் மார்க்கோ நீள்சதுரம். பக்கவாட்டில் வரிசையாகத் தடித்த எஃகுக் கால்கள். இவை மிதந்து வந்தவை, ஆனால் மிதந்துகொண்டு ராக்கெட் விட்டவை அல்ல என்பதை அந்தக் கால்களைப் பார்த்தால்தான் புரியும். மிதவையாக இழுத்து வந்து, குறித்த இடத்தில் நிறுத்தி, கால்களை மணல் தரைக்குள் இறக்கி, அப்புறம் உடலையே அந்தக் கால்களின்மேல் தண்ணீரை விட்டு மேலே தூக்கி நிறுத்துவார்கள். அலை கீழே புரண்டுகொண்டிருக்கும், மேடை அசையாது. அசையாத மேடை கிடைத்துவிட்டால் ராக்கெட்காரனுக்குக் கரையும் கடலும் ஒன்றுதான். நான் பார்த்தபோது வற்றம். கால்களில் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் முழுக்கச் சிப்பி அப்பியிருந்தது, அதற்குக் கீழே பாசி, மேலே துரு. துரு என்றால் தகடு தகடாக உரிந்து, ஓரத்தில் சுருண்டு, சில இடத்தில் உள்ளிருக்கும் குறுக்குச் சட்டம் தெரியும் அளவுக்கு. கைப்பிடிக் கம்பிகள் பாதி இல்லை. ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கால்களுக்கு நடுவே தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அதில் மீன் கூட்டம் திரும்பும்போது மின்னியது. "கோலேகோலே" என்றார் இளைஞர். நம்ம பாரை மீன். இரும்புக் கால் இருந்தால் மீனுக்குக் குடியிருப்பு. ங்கோமேனிக்காரர்களுக்கு இந்த மேடைகள் இப்போது நல்ல மீன்பாடு உள்ள இடம்.

இந்த மேடையில் ராக்கெட்டைப் படுக்கவைத்துத்தான் பூட்டினார்கள். சுமார் 23 மீட்டர் நீளம். ஈரமும் உப்பும் படாமல் இருக்கக் குளிரூட்டிய கொட்டகைக்குள் நான்கு கட்டங்களையும் இணைத்து, நுனியில் செயற்கைக்கோளை வைத்து, பிறகு நிமிர்த்தி நிறுத்துவார்கள். நெருப்பு நேரே கீழே கடலுக்குள் இறங்கும். கட்டளைகள் எல்லாம் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் சாந்தா ரீட்டாவிலிருந்து கடலடிக் கம்பிகள் வழியே வரும். 1967க்கும் 1988க்கும் நடுவே இங்கிருந்து ஒன்பது செயற்கைக்கோள்கள் போயின. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அதில் நான்கு, வானியலின் வரலாற்றில் இடம் பிடித்தவை: உஹூரு, 1972இல் சாஸ் 2, 1974இல் பிரிட்டனின் ஏரியல் 5, 1975இல் சாஸ் 3.

உஹூருவுக்கு ஏன் இந்த மேடை வேண்டியிருந்தது? எக்ஸ் கதிர் நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. 1962 ஜூனில் ரிக்கார்தோ ஜியாக்கோனியும் தோழர்களும் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை மேலே அனுப்பினார்கள். ஐந்தாறு நிமிஷம்தான் வானத்தைப் பார்த்தது. விருச்சிக மண்டலத்தில் பலமான எக்ஸ் கதிர் ஊற்று ஒன்று அகப்பட்டது. அதன்பின் எட்டு வருஷம், இப்படி ஐந்து ஐந்து நிமிஷமாகவும் பலூன்களிலும் பார்த்து முப்பது நாற்பது ஊற்றுகளைச் சேர்த்தார்கள். நின்று பார்க்க ஒரு செயற்கைக்கோள் வேண்டும். ஆனால் செயற்கைக்கோளில் ஒரு தொல்லை. தென் அட்லாண்டிக்கின்மேல் பூமியின் கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து இறங்குகிறது. அதன் வழியே போகும்போதெல்லாம் மின்னேற்றத் துகள்கள் கருவியில் மோதி, எது வானத்திலிருந்து வந்தது, எது பக்கத்து இரைச்சல் என்று தெரியாமல் செய்துவிடும். பூமத்திய ரேகையை ஒட்டியே தாழ்வாகச் சுற்றினால் அந்தப் பகுதியின் ஓரத்தைத்தான் தொட வேண்டியிருக்கும். கருவி அமைதியாக வேலை பார்க்கும். நாசாவிடம் அப்போது அப்படி ஏவ வாகான இடம் இல்லை. இத்தாலியிடம் இருந்தது. அமெரிக்க நாசா தன் செயற்கைக்கோளை வேறொரு நாட்டுக்காரர்கள் கையில் கொடுத்து ஏவச் சொன்னது அதுதான் முதல் தடவை.

1970 டிசம்பர் 12 கென்ய விடுதலையின் ஏழாவது ஆண்டு நாள். பகல் வேளையில் ஸ்கவுட் கிளம்பியது. நாசாவில் திட்டத்தை நடத்திய மார்ஜரி டவுன்செண்ட் அந்த நாளை மனதில் வைத்து, சுதந்திரம் என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லைக் கோளுக்குப் பெயராக வைத்தார். விருந்தோம்பிய நாட்டுக்குச் செய்த மரியாதை அது.

உஹூரு மெல்லத் தன்னைத்தானே சுற்றியது, பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. முதுகோடு முதுகாக வைத்த இரண்டு கருவிகள் வானத்தைக் கோடு கோடாகத் தடவிக்கொண்டு போயின. 1973 மார்ச் வரை வேலை செய்து, மொத்தம் 339 ஊற்றுகள் கொண்ட பட்டியலைத் தந்தது. பட்டியலைவிட முக்கியம் அதில் இருந்த விசித்திரங்கள். சென்டாரஸ் எக்ஸ் 3 என்ற ஊற்று 4.84 வினாடிக்கு ஒருமுறை துடித்தது; இரண்டு நாளுக்கு ஒருமுறை காணாமல் போய்த் திரும்பி வந்தது. அப்படியானால் ஒரு பெரிய நட்சத்திரத்தை ஒரு நியூட்ரான் நட்சத்திரம் சுற்றிவருகிறது, பெரியதிலிருந்து வாயுவை இழுத்து விழுங்குகிறது, விழும் வாயு சூடேறி எக்ஸ் கதிராக எரிகிறது என்று புரிந்தது. சிக்னஸ் எக்ஸ் 1 எந்தத் தாளத்திலும் அடங்காமல் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மினுங்கியது. 1972இல் தரையிலிருந்த தொலைநோக்கிகள் அதன் துணை நட்சத்திரத்தை எடைபோட்டபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் நியூட்ரான் நட்சத்திரமாக இருக்க முடியாத அளவுக்குக் கனம். கருந்துளை என்று வானியலாளர்கள் விரல் நீட்டிச் சொன்ன முதல் பொருள் அதுதான். விண்மீன் மண்டலக் கூட்டங்களுக்கு நடுவே கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் வாயு நிரம்பிக் கிடப்பதையும் உஹூருவே காட்டியது. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு.

படகில் உட்கார்ந்து இதையெல்லாம் இளைஞருக்குச் சொன்னேன். துரு உதிரும் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கருந்துளை இங்கிருந்தா கண்டுபிடித்தார்கள்?" என்றார். இங்கிருந்து போனதுதான் கண்டுபிடித்தது என்றேன். "பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை" என்றார். அந்தப் பதில் என்னை வருத்தியது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. மேடையை நிறுத்தியவர்களும் அவர்களை அனுமதித்தவர்களும் இத்தனை வருஷத்தில் ங்கோமேனிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு உஹூரு படமாவது வரைந்து வைத்திருக்கலாம்.

மேடை ஓய்ந்ததற்குக் காரணம் எளியது. ஸ்கவுட்டின் காலம் முடிந்தது. அதைப் பெரிதாக்கி இங்கிருந்தே தொடர வேண்டும் என்று ப்ரோலியோ போராடினார், பணம் வரவில்லை. இத்தாலியின் கவனம் வேகா ராக்கெட்டுக்கும், பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே பிரெஞ்சு கயானாவில் உள்ள கூருவுக்கும் போய்விட்டது. ப்ரோலியோ 2001இல் காலமானார். மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஆனால் கரையிலிருக்கும் ஆண்டெனாக்கள் ஒருநாளும் ஓயவில்லை. அங்கேதான் எனக்கு ங்கோமேனியின் இரண்டாவது வாழ்க்கை தெரிந்தது. பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல், இந்த ஊரின் தலைக்குமேல் வந்தே தீரும். பத்து நிமிஷம் கண்ணில் படும். அதற்குள் சேர்த்துவைத்த செய்தியை எல்லாம் இறக்கிவிடும். சாய்ந்து சுற்றும் கோள்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. 1996இல் ஏவப்பட்ட இத்தாலியின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோளுக்கு ஒரே கீழிறங்கு வாசல் இதுதான். 1997 பிப்ரவரி 28இல் அது ஒரு காமா வெடிப்பைப் பிடித்தது. செய்தி இங்கே இறங்கி ரோமுக்குப் போக, எட்டு மணி நேரத்துக்குள் கோளைத் திருப்பி அதே இடத்தைப் பார்த்தார்கள். அணைந்துகொண்டிருக்கும் கங்கு அங்கே இருந்தது. மூன்று பதிற்றாண்டாகப் புரியாமலிருந்த காமா வெடிப்புகளை, பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பவை என்று உறுதிசெய்யும் வழி அன்று திறந்தது. 2004இல் போன ஸ்விஃப்ட், 2012இல் போன நூஸ்டார், 2021இல் போன ஐக்ஸ்பீ ஆகியவையும் ங்கோமேனிக்கு இறக்கியவைதான். ஐக்ஸ்பீயின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் எடை சுமார் 330 கிலோ. ஃபுளோரிடாவிலிருந்து பூமத்திய ரேகைப் பாதைக்குத் திருப்பவேண்டி, பல டன் தூக்கக்கூடிய ஃபால்கன் 9 ராக்கெட் முழுதாக அதற்கே போனது. ங்கோமேனிக்கு எதிரே ஒரு மேடை வேலைசெய்துகொண்டிருந்தால் சிறிய ராக்கெட்டே போதுமாக இருந்திருக்கும்.

இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. இத்தாலியின் அஜிலே என்ற காமா கதிர்ச் செயற்கைக்கோளை 2007 ஏப்ரல் 23இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி8 ஏவியது. பக்கவாட்டு உந்திகள் இல்லாமல் பிஎஸ்எல்வி முதல்முறை பறந்தது அன்றுதான். 352 கிலோ கோளை, பூமத்திய ரேகைக்கு இரண்டரை பாகைச் சாய்வில் நிறுத்திவிட்டது. அங்கே நம்மூர்க் கரையிலிருந்து மேலே போன கோள், ஒன்றரை மணிக்கு ஒருமுறை இங்கே இந்த வெள்ளை டிஷ்களிடம் பேசியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அது எரிந்து விழுந்தது. நண்டு நெபுலா நாம் நினைத்திருந்தபடி அடங்கிய விளக்கல்ல, திடீர் திடீரென்று காமா கதிரில் கொழுந்துவிடுகிறது என்று 2010இல் சொன்னதில் அஜிலேவுக்குப் பங்குண்டு. இடம் எப்படி ராக்கெட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியிருப்பதால்தான் குலசேகரன்பட்டினத்தில் புதிய தளம் எழுகிறது.

கடல் மேடை என்ற யோசனையும் சாகவில்லை. எண்ணெய்த் துரப்பண மேடையை மாற்றிச் செய்த ஒடிசி, 1999 முதல் 2014 வரை பசிபிக்கின் நடுவே, சரியாகப் பூமத்திய ரேகையிலேயே மிதந்து நின்று 36 முறை ஜெனித் ராக்கெட்டை ஏவியது. அது நிஜமாகவே மிதப்பது. கால்களாக நிற்கும் தூண்களில் கடல்நீரை நிரப்பிக் கனமாக்கி அமிழ்ந்து, அலை ஆட்டாதபடி நிற்கும். 2019 ஜூனில் சீனா மஞ்சள் கடலிலிருந்து ஏவத் தொடங்கியது. ஆனால் ஒடிசி ஏவியவை பெரும்பாலும் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் ஆனவை. மேடை என்றால் அறிவியலுக்கு என்று நினைத்தவர்கள் ங்கோமேனிக்கு வந்தவர்கள்தான். அதனால்தான் இந்தத் துருவைப் பார்க்க இத்தனை தூரம் வந்தேன்.

கரைக்குத் திரும்பியபின் ஒரு குடிசைக் கடையில் தேங்காய்ப்பால் சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டோம். பெரியவரும் வந்து உட்கார்ந்தார். கென்யாவுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டேன். "வேலை கிடைத்தது" என்றார். யோசித்துவிட்டு, "கொஞ்சப் பேருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் இப்போது நிலைமை மாறிவருகிறது. 2016இல் இரு நாடுகளும் புது ஒப்பந்தம் போட்டன. 2017இல் கென்யா விண்வெளி நிறுவனம் பிறந்தது. 2018 மே மாதம் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள், ரோம் பல்கலைக்கழகத்தின் துணையோடு செய்த சிறு கோள் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. 2023 ஏப்ரல் 15இல் தைஃபா 1 என்ற கென்யச் செயற்கைக்கோள் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பியது. பூமியைப் படம்பிடிக்கும் கோளுக்குத் துருவங்களைச் சுற்றும் பாதை வேண்டும், அதற்குப் பூமத்திய ரேகை உதவாது என்பது உண்மைதான். ஆனாலும் வானியலுக்கான சின்னச் சின்னக் கோள்கள் உலகமெங்கும் வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில், ரேகையை ஒட்டிய ஓர் ஏவுதளத்துக்குத் தேவை 1970இல் இருந்ததைவிட இப்போது அதிகம். அதைக் கென்யாவே நடத்த வேண்டும், ங்கோமேனிப் பிள்ளைகள் அதில் பொறியாளர்களாக உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இந்தப் பழைய மேடைகள் பயன்படாது. இரும்பின் ஆயுள் முடிந்துவிட்டது. இடத்தின் ஆயுள் முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மும்பையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் உண்டு. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017இல் தொடங்கிய ரயில் வசதியானது; மலிந்திக்கு விமானமும் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்றில் கடல் புரளும், படகுக்காரர்கள் வரமாட்டார்கள். ங்கோமேனியில் தங்க வசதி குறைவு. மலிந்தியில் தங்கிக் காலையில் கிளம்பிவிடுவது நல்லது. மையத்துக்குள் போக வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். படகை வற்றத்துக்குப் பேசுங்கள். கால்கள் முழுசாகத் தெரிவது அப்போதுதான். கிட்டே போகச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள்.